அம்மை குத்தினவர் பள்ளி இன்ஸ்பெக்டரான கதை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பட்டம், அதற்கு மேல் ஒரு பயிற்சிச் சான்றிதழ். பள்ளி இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய தகுதிகள் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆபீசில் பாதி நாற்காலி காலியாகியிருக்கும்.

நான் நாற்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் கல்வி இலாகாவுக்கு வந்தேன். எங்கள் அறையில் ஒருவர் டிரில் மாஸ்டராக இருந்து வந்தவர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வார். கூன் போடாமல் நிற்கிற வகுப்புக்குக் கணக்கும் சரியாக வரும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் காட்டிலாகாவிலிருந்து வந்தவர். பள்ளிக்கூட வாசலில் மரம் இருக்கிறதா என்று பார்ப்பார். மரம் இல்லாத பள்ளிகளைப் பற்றி அவர் எழுதும் அறிக்கை இழவுக் கடிதம் மாதிரி இருக்கும். நான் மாதுங்காவில் ஒரு ஹைஸ்கூலில் இலக்கணம் நடத்திவிட்டு வந்தவன். பி.ஏ., எல்.டி. அந்த அறையில் முறையாகப் பயிற்சி பெற்றவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதை மறந்துவிடாமல் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

இந்த அறைக்குத்தான் வைத்தியநாதன் வந்து சேர்ந்தார்.

யுத்த காலம். தமிழ்ப் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரை, சிப்பாய்கள் எழுதும் தமிழ்க் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்யும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்துக்குத் தமிழ் தெரிந்த, இன்ஸ்பெக்டராக அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று எங்கள் இலாகா மற்ற இலாகாக்களைக் கேட்டது. சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெயர் வந்தது. தாய்மொழி தமிழ், பல வருஷமாக இன்ஸ்பெக்டர். என்ன இன்ஸ்பெக்டர் என்று எங்கள் பக்கத்தில் கேட்கவில்லை, அவர்கள் பக்கத்தில் சொல்லவும் இல்லை. அவர் அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர். தோல்பையில் ஊசியையும் மருந்தையும் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கையைக் கீறி, பெரியம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பாலை வைப்பவர்.

எங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் வைத்தியநாதன் வேலையில் சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எங்கள் மேலதிகாரி மராட்டிக்காரர், நிதானமான மனிதர். இரண்டு வேலையிலும் பிள்ளைகளைத்தானே பார்க்கவேண்டும், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வைத்தியநாதனுக்கு இந்த மாற்றத்தில் சொல்ல முடியாத சந்தோஷம். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாதுங்காவில்தான் ஜாகை. மெலிந்த தேகம், தடித்த மூக்குக்கண்ணாடி, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய மீசை. அவர் தெருவில் நுழைந்தாலே பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். "இனிமேலாவது குழந்தைகள் என்னைப் பார்த்து அழாது, சார்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அவருக்கு ஒதுக்கின பகுதி தாராவி. அவர் முன்பு அம்மை குத்திக்கொண்டிருந்த பகுதியும் தாராவிதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாராவி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், தோல் கிடங்குக்குப் பக்கத்தில் அந்தத் தமிழ்ப் பள்ளி இருந்தது. தரையோடு தரையாக நீளமான ஒரே ஹால். நடுவில் மூங்கில் தட்டிகளை நிறுத்தி வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். படித்தவையெல்லாம் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஹெட்மாஸ்டர் பொன்னையாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். புது இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி வரச் சொல்லி, ஒரு வரவேற்புப் பாட்டும் பழக்கி வைத்திருந்தார்.

அன்று நடந்ததைப் பொன்னையா பிற்பாடு எனக்கு விவரமாகச் சொன்னார். வைத்தியநாதன் கோட்டும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றார். பாட்டு ஆரம்பமாயிற்று. முதல் வரிசையில் நின்ற ஒரு பெண்குழந்தை அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பிறகு பக்கத்துப் பெண்ணிடம், "குத்துறவரு" என்று ஒரே வார்த்தை சொன்னது. அந்த வார்த்தை தட்டிகளைத் தாண்டிக் கடைசி வகுப்புவரை போய்ச்சேர அதிக நேரம் ஆகவில்லை. ஜன்னல்கள் தாழ்வானவை. பொன்னையா வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளைகள் அவர் அக்குளுக்குக் கீழே புகுந்து போய்விட்டன. தட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. கடைசியில் ஹாலில் மிஞ்சியது பொன்னையாவும் இரண்டு உபாத்தியாயர்களும், கையில் ரோஜா மாலையும்தான். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்தியநாதன் கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால், பிள்ளைகள் இருந்ததாகவே எழுதிவிட்டு டிராம் ஏறியிருப்பார். வைத்தியநாதன் பொய் எழுதத் தெரியாதவர். ஆய்வு நேரத்தில் பிள்ளைகள் ஒருவரும் ஆஜராக இல்லை, ஹெட்மாஸ்டர் ஆஜர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இது மேலதிகாரியின் மேஜைக்குப் போன நேரம் பார்த்து, தாராவியில் ரேஷன் ஆபீஸ் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளே வராத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு ஹால் என்று அவர் கேட்டார். அந்தப் பள்ளியை மூடினால் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேறு தமிழ்ப் பள்ளி கிடையாது. பாதிப் பிள்ளைகள் நேராகத் தோல் கிடங்குக்கு வேலைக்குப் போய்விடும். பொன்னையாவும் உபாத்தியாயர்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இன்னொரு தடவை ஆய்வு நடக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள், ஆனால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு வைத்தியநாதன்தான், அவர் இருந்தே ஆகவேண்டும் என்றார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் ரேஷன் ஆபீஸ். அதுதான் அவர் தீர்ப்பு.

எங்கள் அறையில் ஆலோசனை நடந்தது. மீசையை எடுத்துவிட்டால் அடையாளம் தெரியாது என்றார் டிரில் மாஸ்டர். வைத்தியநாதன் மறுநாள் மீசை இல்லாமல் வந்தார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் பார்க்கலாம் என்றார் காட்டிலாகாக்காரர். கழற்றினதும் வைத்தியநாதன் அலமாரியில் முட்டிக்கொண்டதால் அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

குறிப்பிட்ட நாளில் நாங்கள் இருவரும் சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போனோம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இல்லை. தாய்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் செல்லத்தாய். காலையில் அந்தச் சந்தில் பணியாரம் சுட்டு விற்பவள். அவள் சொன்னால் அந்தச் சந்து கேட்கும் என்று பொன்னையா என் காதில் சொன்னார்.

செல்லத்தாய் வைத்தியநாதனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீசைய எடுத்துட்டா ஆளு மாறிருமாய்யா?" என்றாள்.

நான் முன்னால் போய், அவர் இப்போது அந்த வேலையில் இல்லை, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகி விட்டார் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. போன வருஷம் ஒரு ஆள் ரேஷன் கணக்கு எடுக்க வந்தேன் என்று சொல்லி வீட்டுக்குள் வந்து பிள்ளையைப் பிடித்துக் குத்திவிட்டுப் போனதாகச் சொன்னாள். வைத்தியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

"இவுக பேரு என்ன?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன்.

"பேரே வைத்தியமால்லா இருக்கு" என்று மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தலையசைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தாள். பி.ஏ., எல்.டி. என்றேன். அதில் ஊசி போடச் சொல்லிக்கொடுப்பார்களா என்று கேட்டாள். இல்லை, பாடம் நடத்தத்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி. என் சர்வீஸில் என் பட்டத்தை இவ்வளவு அக்கறையாக விசாரித்தவர்கள் வேறு யாரும் இல்லை. வைத்தியநாதன் அதைப் படித்திருக்கிறாரா என்றாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். கோட்டையும் பையையும் தடவிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வைத்தியநாதன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வெற்றிலைப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு செல்லத்தாய் தீர்ப்புச் சொன்னாள்.

"நெசமாவே வாத்தியார் வேலைக்குத்தான் வந்திருக்காருன்னா, ஒரு பாடம் நடத்தட்டும். நாங்களும் உக்காந்து கேக்கோம். ஊசிப் பேச்சு வந்தா பிள்ளையளத் தூக்கிட்டுப் போயிருவோம்."

அவள் கைதட்டியதும், கோலி என்று பம்பாயில் சொல்லும் ஒற்றை அறை வீடுகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் வந்தன. தாய்மார்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தன. பெரிய பிள்ளைகள் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தன. கைக்குழந்தைகள், பக்கத்து வீட்டுக் கிழவிகள் எல்லாருமாக ஹால் நிரம்பிவிட்டது.

நான் வைத்தியநாதனை ஓரமாக அழைத்தேன். "இலக்கணம் வேண்டாம். ஒரு மிருகத்தைப் போர்டுல போட்டு, அதைப் பத்திப் பேசுங்கோ. ஈசியா இருக்கும்" என்றேன். அவருக்குப் பாடம் நடத்தி வழக்கமே இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார்.

அவர் ஒரு பசுவை வரைந்தார். இது என்ன என்று கேட்டார். பிள்ளைகள் உற்றுப் பார்த்துவிட்டு எருமை என்றன. தாராவிக்குப் பக்கத்தில் தபேலா என்கிற மாட்டுக்கொட்டில்களில் அவை தினமும் பார்ப்பது எருமையைத்தான். கொம்பும் அப்படித்தான் விழுந்திருந்தது. சரி, எருமை என்றே வைத்துக்கொள்வோம் என்று அவர் ஒப்புக்கொண்டார். முன் வரிசையில் ஒரு சிரிப்பு. அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எருமை என்ன தின்னும், யார் பால் கறப்பார்கள் என்று கேட்டார். பதில்கள் வந்தன. நான் பின்வரிசையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். கடல் தாண்டி ஒரு தேசம். அங்கே ஒரு தபேலா. பால் கறக்கிற ஒரு பொண்ணு. ஒரு நாள் எருமை மடியில் சின்னச் சின்னக் கொப்புளம். கறந்தவள் கையிலும் அதே கொப்புளம் வந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கதை எங்கே போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு மாட்டைப் பற்றித் தெரிந்த ஒரே கதை, அம்மைப்பால் கண்டுபிடித்த கதை. நேராக ஊசியில் போய் முடியும். நான் இருமினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஊரெல்லாம் பெரியம்மை வந்து ஜனங்கள் செத்தார்கள், அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்.

எழுந்து போய் அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிவிடலாம். நானே நாலு கேள்வி கேட்டு ஆய்வை முடித்துவிடலாம். எழுந்தும் விட்டேன். எழுந்த இடத்திலிருந்து பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் எப்போதோ நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்தாய் கன்னத்தில் கை வைத்திருந்தாள். அந்த வகுப்பை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் அந்த நிமிஷத்துக்கு உதவவில்லை. திரும்ப உட்கார்ந்தேன். ரேஷன் ஆபீஸ் கண்ணில் தெரிந்தது.

ஒரு வைத்தியர் அந்தப் பொண்ணு கைக் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் பாலெடுத்து, ஒரு பையன் கையில் கீறி வைத்தார் என்று வைத்தியநாதன் முடித்தார். முன் வரிசைப் பெண்குழந்தை ஒன்று, அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்டது.

வைத்தியநாதன் அதன் பக்கம் குனிந்தார். "கோவிச்சுண்டா முதல்ல என்னைன்னா பிடிச்சிருக்கணும்? இந்தத் தாராவியில இத்தனை பேரைக் குத்தினவன் நான்தானே" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெஞ்சு நகரும் சத்தம், ஜன்னல் சத்தம், எல்லாவற்றையும் எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்குழந்தையின் குரல்தான் கேட்டது.

"இப்ப பை கொண்டாரலையா?"

"இல்லை."

"ஏன்?"

"அதை என்கிட்டேர்ந்து வாங்கி வச்சுண்டுட்டா, குழந்தே."

அவர் அதைச் சொன்ன விதத்தில், பம்பரத்தைப் பறிகொடுத்த பிள்ளையின் குரல் இருந்தது. வகுப்பு முழுவதும் அவருக்காகப் பரிதாபப்பட்டது. யார் வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தர மாட்டார்களா என்று நாலாபக்கமிருந்தும் கேட்டார்கள். அவருக்கே குத்தியிருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். புதுச்சரக்கு வரும்போதெல்லாம் முதலில் தன் கையில் குத்திப் பார்ப்பாராம். தோளிலிருந்து முழங்கைவரை தழும்பு. பிள்ளைகள் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தன. அதன் பிறகு எல்லாரும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இது நீங்க குத்துனது, இதைப் பாருங்க, இதைப் பாருங்க என்று ஒரே நெரிசல். வைத்தியநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தார். இது நன்னா பிடிச்சிருக்கு, இது சுமார், இது என் கை இல்லை, வேறு யாரோ அவசரத்தில் செய்தது என்று மார்க் போட்டார். பிள்ளைகள் அவர் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தன. நல்ல மார்க் வாங்கினவர்கள் தாய்மாரிடம் ஓடிப்போய்க் காட்டினார்கள்.

நான் தலைகளை எண்ணினேன். பள்ளியில் சேர்ந்திருப்பவர்களைவிட ஆஜரானவர்கள் அதிகம். கைக்குழந்தைகளையும் கிழவிகளையும் கழித்துவிட்டு எழுதினேன். அப்போதும் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை.

நாங்கள் கிளம்பும்போது செல்லத்தாய் வழியை மறித்தாள். இடுப்பில் அவளுடைய கடைசிப் பிள்ளை. இவனுக்கு இன்னும் குத்தவில்லை, நீங்களே குத்திவிடுங்கள் என்றாள். வைத்தியநாதன் சங்கடப்பட்டார். இப்போது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், அந்த அதிகாரம் கிடையாது என்று சொன்னார்.

செல்லத்தாய் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்போ நல்லாத் தெரிஞ்ச வேலையப் பிடுங்கிட்டு, தெரியாத வேலையக் குடுத்திருக்காவளா?" என்று கேட்டாள். நான் பி.ஏ., எல்.டி. படித்தவன்தான். இதை அதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரேஷன் ஆபீஸ் வேறு இடத்துக்குப் போயிற்று. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சில மாதம் கழித்து ஊரில் அம்மை பரவத் தொடங்கியது. பெரிய பிள்ளைகளுக்கும் மறுபடி குத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. வைத்தியநாதனுக்குப் பதிலாக வந்திருந்தவர் தாராவிக்குப் போனார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். சுகாதார இலாகா எங்கள் இலாகாவைக் கேட்டது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அம்மை குத்துகிற இடத்தில் நிற்பதற்குப் பள்ளி இன்ஸ்பெக்டருக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டார். நான் வைத்தியநாதனின் பழைய உத்தியோகத்தை ஞாபகப்படுத்தினேன். அவர் மேஜையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

வைத்தியநாதன் போனார். அந்தப் பள்ளி ஹாலிலேயே வைத்துக் குத்தினார்கள். செல்லத்தாயின் கடைசிப் பிள்ளைதான் முதல். புதியவர் கீறும்போது வைத்தியநாதன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு எருமைக் கதை சொன்னாராம். அந்தத் தொற்றில் அந்தச் சந்திலிருந்து ஒரு பிள்ளையையும் இழக்கவில்லை என்று பொன்னையா என்னிடம் சொன்னார்.

போனதுதான் போனோம் என்று அன்றைக்கே பள்ளியின் வருஷாந்திர ஆய்வையும் வைத்தியநாதன் முடித்துவிட்டு வந்தார். அறிக்கையில் எல்லாப் பாடத்துக்கும் குறிப்பு இருந்தது. கையெழுத்துப் பாடம் என்ற இடத்தில், பிள்ளைகளுக்குக் கை வலிப்பதால் சோதிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அம்மை குத்துவது இடது கையில்தானே, வலது கையால் எழுதச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"எனக்கும் அது தெரியும், சார்" என்றார் வைத்தியநாதன். "ஆனா குழந்தைகள் எழுத முடியாதுன்னு வலது கையைத்தான் காட்டித்து. அன்னிக்கு அதுகளோட தர்க்கம் பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

மேலதிகாரி பேனாவை எடுத்தார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.